கோவையில் 43, சென்னையில் 9

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அரை மணி நேரம் போதும். என் வீடு இங்கே, அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு அங்கே. 2018-19 கால்பந்து சீசனில் அத்தானும் நானும் ஆளுக்கொரு அணியைப் பிடித்துக்கொண்டோம். அவருக்கு ஐ.எஸ்.எல்லில் ஆடிய சென்னையின் எஃப்.சி. எனக்கு ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் என் அணியின் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்.

சீசன் தொடங்கும்போது அத்தான் கைதான் ஓங்கியிருந்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு அணியை அதன் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கியிருந்தது அவருடைய அணி. பிரேசில் தடுப்பாட்டக்காரர் மைல்சன் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோல்களை அவர் வீட்டில் எத்தனை முறை பார்த்திருப்போமோ! என் அணி அதே காலத்தில் ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-வது.

ஒரு வருடத்தில் எல்லாம் தலைகீழானது. சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று 9 புள்ளிகளோடு ஐ.எஸ்.எல்லில் கடைசி இடம் போனது. சென்னை சிட்டி 20 ஆட்டங்களில் 13 வென்று 43 புள்ளிகளோடு ஐ-லீக் பட்டத்தை வாங்கியது.

இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. அத்தானின் அணி வென்றபோது அதைத் தாங்கிய தூண்கள் அடுத்த வருடம் இல்லை. தடுப்பாட்டத்தைக் கட்டிக்காத்த போர்ச்சுகீசியர் செரினோ போய்விட்டார். நடுக்களத்தின் உயிராக இருந்த சென்னைப் பிள்ளை தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் வெளியே உட்கார்ந்தார். முந்தைய சீசனில் 9 கோல் போட்ட முன்கள வீரர் ஜெஜே இந்த முறை ஒன்றோடு நின்றார். பயிற்சியாளர் ஜான் கிரிகரியை நிர்வாகம் மாற்றவில்லை. கடைசி இடம் வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கம் கிடையாது என்ற லீக்கில் பொறுமை காட்டுவது சுலபம்.

கோவையில் நடந்தது வேறு. சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அந்த அணியைப் பந்தை விடாமல் கைமாற்றி ஆடப் பழக்கினார். ஸ்பெயினிலிருந்து வந்த சாண்ட்ரோவும் நெஸ்டரும் பந்தை நகர்த்த, பெட்ரோ மான்சி முடித்துவைப்பார். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர், சீசன் முடிவில் 21-ல் நின்றார். அவர்களோடு எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் ஓடினார்கள். எனக்கு அந்த அணியைப் பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம்.

2019 மார்ச் 9, கடைசி நாள். எங்களுக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் எதிரணி. கோழிக்கோட்டில் அதே நேரத்தில் கோகுலம் அணியோடு ஈஸ்ட் பெங்கால். மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அப்படியே கிடந்தது. பிறகு மான்சியின் பெனால்டி. அதன்பின் அசாமியப் பையன் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது, 42-ல் நின்றது. ஆண்டாள் தேர் நிலைக்கு வந்து நிற்கும்போது வடத்தைப் பிடித்தவர்கள் விடுவார்களே ஒரு மூச்சு, அப்படி ஒரு மூச்சு விட்டேன்.

ஆனால் அந்தப் பட்டம் எங்கே கொண்டுபோனது? மேலே ஏற வழியில்லை. அன்றைய விதியில் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்லில் இடம் கிடையாது. ஐ.எஸ்.எல்லின் கடைசி அணிக்கு இறக்கமும் கிடையாது. பிற்பாதியில் ஐ-லீக் ஆட்டங்கள் சிலவற்றைத் தொலைக்காட்சியே கைவிட்டது. மைதானத்துக்குப் போக முடியாத எங்களைப் போன்ற தூரத்து ஊர்க்காரர்களுக்கு, ஒளிபரப்பாத ஆட்டம் நடக்காத ஆட்டம்தான். கடைசி இடத்து அணியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் அத்தான் வீட்டிலிருந்தே பார்த்தார். முதலிடத்து அணியின் சில ஆட்டங்களுக்கு நான் ஸ்கோரை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

தரத்தில் அவ்வளவு தூரமா என்றால், அதே ஆண்டு ஏப்ரலில் இரண்டு லீக் அணிகளும் மோத, புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பை பதில் சொன்னது. ஐ.எஸ்.எல்லின் புதிய சாம்பியன் பெங்களூருவைச் சென்னை சிட்டி 2-1 என்று வென்றது. அரையிறுதியில் கோவாவிடம் 0-3. சென்னையின் எஃப்.சி.யோ இறுதி வரை போய் அதே கோவாவிடம் 1-2 என்று தோற்றது. இன்னும் ஒரு ஆட்டம் எங்களுக்குச் சாதகமாகப் போயிருந்தால் அத்தானும் நானும் ஒரே இறுதியாட்டத்தைப் பார்த்திருப்போம்.

ஆட்டக்காரர்களுக்கு மட்டும் வழி திறந்திருந்தது. எட்வின் அடுத்த சீசனே சென்னையின் எஃப்.சி.க்குப் போனார், ரொமாரியோ பிறகு கோவாவுக்கு. மான்சி ஜப்பான் போனார். ஆளை மேலே எடுத்துக்கொண்டு அணியைக் கீழேயே விட்ட ஏற்பாடு அது. எனக்கு இன்றும் ஆறவில்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

அணிகள் மேலேறும் வழி 2022-23 சீசனில் திறந்தது. அந்த முறை ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்லுக்கு ஏறியது பஞ்சாப் எஃப்.சி. மினர்வா பஞ்சாப் என்ற பழைய பெயரில், கோவையில் அன்று தோற்ற அதே அணி. 2023 அக்டோபரில் அவர்கள் சென்னைக்கு ஆட வந்தபோது சென்னையின் எஃப்.சி. 5-1 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் அத்தான் ஃபோன் பண்ணினார்.

“இவங்களைத்தானே மாப்ள உன் டீம் அன்னைக்குக் கோயம்புத்தூர்ல ஜெயிச்சது?”

“ஆமாத்தான்” என்றேன்.