அஞ்சு வேத பொஸ்தகம்

2022 ஜூலை தொடக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நடராசர், சோமாஸ்கந்தர் என்று செப்புத் திருமேனிகளையே தேடிப் பழகிய பிரிவு அது. அந்த முறை கண்டுபிடித்திருந்தது ஒரு வேதப்புத்தகத்தை. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திலிருந்து 2005 அக்டோபரில் காணாமல்போன, 1715ஆம் ஆண்டின் தமிழ்ப் புதிய ஏற்பாடு. உள்ளூர்க் காவல் நிலையம் துப்புக் கிடைக்கவில்லை என்று மூடி வைத்திருந்த வழக்கு. பல ஆண்டுகள் கழித்துப் புதிய குழு நூலகத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியது. அந்நிய நாட்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்களை ஒவ்வொன்றாகச் சலித்தது. கடைசியில் லண்டனில் ஒரு சேகரிப்பில் புத்தகம் அகப்பட்டது. அதைக் காட்டிக்கொடுத்தது அதிலிருந்த தஞ்சை மன்னர் சரபோஜியின் கையெழுத்து.

களவுபோன பொருளின் ஜாதகம் எப்போதுமே சுவாரசியமானது. இந்தப் புத்தகத்தின் ஜாதகம் தரங்கம்பாடி மணலில் தொடங்குகிறது.

1706 ஜூலையில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள் அங்கே வந்து இறங்கினார்கள்: பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சோ. சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. தமிழ் கற்கத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதினார். சீக்கிரமே பேசவும் எழுதவும் ஆரம்பித்துவிட்டார். 1708 அக்டோபரில் கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மனத்தாங்கல் முற்றி, டான்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறை. 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. முடிந்ததே தவிர, அச்சடிக்க வழியில்லை.

அச்சு இயந்திரம் வந்த கதை தனிப் புராணம். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் 1711இல் இயந்திரத்தோடு யோனாஸ் ஃபிங்க் என்பவரையும் கப்பலேற்றியது. பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கப்பல் மீட்கப்பட்டது. வழியிலேயே ஃபிங்க் இறந்துபோனார். ஆளில்லாமல் 1712இல் சென்னை வந்து சேர்ந்தது இயந்திரம். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து, அச்சுக்காரர் ஆட்லரோடு அனுப்பினார்கள். எழுத்துகளோ பெரிசு பெரிசாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் இருக்கிற காகிதம் பாதிப் புத்தகத்துக்குக்கூடக் காணாது. பக்கத்திலே பொறையாறில் ஆட்லர் ஒரு வார்ப்பறை போட்டார். சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே? லண்டனிலிருந்து பாதிரிமார்களுக்குச் சாப்பிட வந்த சீஸ் ஈயத்தகட்டில் பொதியப்பட்டிருந்தது. அந்தத் தகட்டை உருக்கினார்கள் என்கிறது மிஷன் வரலாறு. ஆக, தமிழ்ச் சுவிசேஷம் அச்சேறுவதற்கு முன் யாரோ நிறையச் சீஸ் தின்றாக வேண்டியிருந்தது!

1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்து வெளிவந்தன. ஐந்து நூல்கள், அதனால் பெயர் 'அஞ்சு வேத பொஸ்தகம்'. மறு ஆண்டு நிருபங்களும் வெளிப்படுத்தலும் அச்சாகிப் புதிய ஏற்பாடு முழுமையானது. அந்த அச்சில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான்; இரண்டையும் வேறுபடுத்திய வீரமாமுனிவரின் எழுத்துத் திருத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏட்டில் 'வெத' என்று இருக்கும், வாசிக்கிறவர்தான் 'வேத' என்று நீட்டிக்கொள்ள வேண்டும். ஓலைச்சுவடி வாசித்துப் பழகியவர்களுக்கு இது ஒரு சங்கடமே இல்லை.

எதற்கு இத்தனை பாடு? சீகன்பால்க் லூத்தரின் வழிவந்தவர். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் லூத்தரைப் புரட்டிப்போட்டது. அங்கே பவுல் சுவிசேஷத்தைப் பற்றிச் சொல்கிறார்: விசுவாசிக்கிற எவனையும் இரட்சிக்கும் தேவபெலன் அது. யூதன் கிரேக்கன் பேதமில்லை. சுவிசேஷம் வெறும் புத்திமதியல்ல, அதற்கே ஒரு வல்லமை உண்டு, கேட்கிறவனுக்குள் போய் அது வேலை செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியானால் அவனவன் பாஷையில் அது அவனவன் காதில் விழ வேண்டும். மிச்சக் கதையெல்லாம் இந்த ஒரு 'அப்படியானால்' படுத்திய பாடுதான்.

சுவிசேஷம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சு' என்றால் நல்ல. விசேஷம் என்றால்? ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் கேட்பது, 'அப்புறம் என்ன விசேஷம்?' கல்யாணம், காது குத்து, மருமகள் முழுகாமல் இருப்பது, எல்லாமே விசேஷம்தான். திருவிவிலியத்தின் 'நற்செய்தி' துல்லியமான தமிழ். குறை சொல்ல மாட்டேன். ஆனால் செய்தி என்பது நாளிதழில் வருவது. விசேஷம் நம் வீட்டில் நடப்பது. எனக்குப் பழைய சொல்லிலேயே நாக்கு நிற்கிறது.

அச்சான பிரதிகள் தஞ்சாவூர்ச் சீமைக்குள் போயின. மிஷன் பாதிரிகளைத் தஞ்சை அரசு எளிதில் உள்ளே விடவில்லை. புத்தகத்துக்குத் தடையில்லை. தஞ்சை மராத்தியர் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கரின் கையில் ஒரு பிரதி கிடைத்தது. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். வாசித்தார், திரும்பத் திரும்ப வாசித்தார். பாடுபட்டு மரித்த இயேசுவின் கதை அவருக்குப் புதிதல்ல. அந்தக் கதையைத் தாமே தம் மொழியில் வாசித்தது புதிது. 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடிக்குப் போய் அந்தச் சபையில் சேர்ந்தார். பின்பு சிப்பாய் வேலையை விட்டு உபதேசியாரானார். சொந்தபந்தத்தின் பகையைச் சுமந்துகொண்டு தஞ்சைச் சீமைக் கிராமங்களில் அதே புத்தகத்தை வாசித்துக் காட்டித் திரிந்தார்.

சீகன்பால்க் இதைப் பார்க்கவில்லை. 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில், தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகிவிட்டார்.

அதே தஞ்சாவூரில் இன்னொரு பிரதி வேறு வழியில் போனது. மிஷனரி சுவார்ட்ஸ் அரண்மனைக்குக் கொடுத்த புத்தகம் அது என்பார்கள். இளவரசர் சரபோஜிக்கு அவர் தகப்பன்போல இருந்தவர். 1798இல் சுவார்ட்ஸ் இறந்தபின், ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்தார் சரபோஜி. சாகக் கிடக்கும் பாதிரியின் கையை அரசர் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சி. தஞ்சாவூர் சுவார்ட்ஸ் கோயிலில் இன்றும் இருக்கிறது. அவ்வளவு பாசம். ஆனாலும் சரபோஜி தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டார், தம் நூலகத்தின் மற்ற புத்தகங்களைப்போல. அதில் ஒரு குற்றமும் இல்லை. அவர் அப்படி வைத்திருக்காவிட்டால் நம்மிடம் களவுபோக ஒரு பிரதியே இருந்திருக்காது.

ஒரே அச்சு, ஒரே ஊர். சிப்பாயைப் புரட்டிய எழுத்து அரசரின் அலமாரியில் இருநூறு வருஷம் சும்மா கிடந்தது. விசுவாசிகளைக் கேட்டால், வல்லமை காகிதத்திலா இருக்கிறது, கேட்கிற செவியில் அல்லவா என்பார்கள். அலமாரிக்கு வெளியே அந்த மொழிபெயர்ப்பு சும்மா இருக்கவில்லை என்பது உண்மைதான். பழைய ஏற்பாட்டில் சீகன்பால்க் விட்ட இடத்திலிருந்து பின்வந்த மிஷனரி சூல்ட்சே எடுத்துக்கொண்டார். அவர் நடை கரடுமுரடு என்று அடுத்து வந்த மிஷனரி பெப்ரிசியஸ் சென்னை வேப்பேரியில் உட்கார்ந்து வரி வரியாக இழைத்தார். கடைசிக் காலத்தில் கடன்காரராகச் சிறைக்கும் போனார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரி திருத்தியபோது உடனிருந்து தமிழைச் செப்பனிட்டவர் ஆறுமுக நாவலர், நூற்றுக்கு நூறு சைவர். சீகன்பால்க் எழுதிய சருவேசுரன் பெப்ரிசியஸிடம் பராபரன் ஆனார், பின்னால் தேவன் ஆனார், 1995இன் திருவிவிலியத்தில் கடவுள் ஆனார்.

எங்கள் பாட்டி வைத்திருந்தது கறுப்பு அட்டை வேதாகமம். அட்டை என்றோ போய்விட்டது. பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருப்பாள். முன் ஏட்டில் எட்டுப் பிள்ளைகளின் பிறந்த தேதி, இரண்டு பேருக்கு எதிரே இறந்த தேதியும். ரோமர் முதல் தாள் மட்டும் வாசித்து வாசித்துக் கழன்று, நாலாக மடிந்து, சங்கீதத்துக்குள் செருகியிருக்கும்.