கணக்கெழுதிய சத்திரவைத்தியர்கள்

1809 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜேன் குரோபோர்ட் என்னும் அம்மையார் குதிரைமீதேறி ஏறத்தாழ 60 மைல் கடந்து டான்வில் என்ற சிற்றூரை அடைந்தார். அவருடைய வயிறு பெரிதும் பருத்திருந்தது. கருவுற்றிருப்பதாகவே அயலார் எண்ணினர். உண்மையில் அது சூலகத்தில் வளர்ந்த ஒரு கட்டி. இப்ராயிம் மக்டவல் என்ற நாட்டுப்புற வைத்தியர் அதனை வெட்டி அகற்ற இசைந்திருந்தார். இத்தகைய சிகிச்சையை முன்னர் எவரும் வெற்றியோடு செய்ததாகத் தாம் அறியவில்லை என்பதையும், இது ஒரு சோதனையே என்பதையும் அவர் அம்மையாரிடம் மறையாது கூறினார்.

மயக்கமருந்து என்பது அக்காலத்தில் இல்லை. அம்மையார் விவிலியச் சங்கீதங்களை ஓதிக்கொண்டே வேதனையைத் தாங்கினார் என்பர். 25 நிமிடங்களில் வேலை முடிந்தது. அகற்றப்பட்ட கட்டி 22½ இறாத்தல் நிறையுடையது. ஐந்தாம் நாள் வைத்தியர் சென்று பார்த்தபோது அம்மையார் எழுந்து நின்று தம் படுக்கையைத் தாமே சீர்செய்துகொண்டிருந்தார்! 25 நாட்களின் பின் வீடு திரும்பிய அவர், 1842 வரை வாழ்ந்தார்.

மக்டவல் தம் அனுபவத்தை 1817 இல் எழுதி வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. லண்டனில் மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர் ஒருவர் அதனை எள்ளி நகையாடிப் பின்னர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் அவநம்பிக்கை கொண்டோரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. ஒருவர் பிழைத்தார் என்ற செய்தியிலிருந்து அடுத்து வருபவர் பிழைப்பார் என்று எவ்வாறு துணிவது? வெற்றி பெற்றவர் ஏட்டில் எழுதினார், தோல்வியுற்றவர் வாளாவிருந்தார். வயிற்றைத் திறந்தால் நூற்றில் எத்தனை பேர் மாள்வர் என்ற எளிய கேள்விக்கு ஐரோப்பா முழுவதிலும் நம்பத்தகுந்த விடை இருக்கவில்லை. 1846 இல் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து பயன்பட்டுக் கத்தியின் வேதனை நீங்கிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. வேதனையின்றி வெட்டப்பட்டவரும் மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் கண்டு, வயிறு உப்பி, நாடி தளர்ந்து மடிந்தனர்.

அக்கேள்விக்கு விடை தேட முற்பட்டவர் தோமஸ் ஸ்பென்சர் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர். கடற்படை வைத்தியராகப் பணியாற்றி, கிரிமிய யுத்தக் காயங்களையும் கண்டு வந்தவர். பின்னர் லண்டனில், பெண்களுக்கான சமாரிட்டன் இலவச வைத்தியசாலையில் சேர்ந்தார். 1857 இன் இறுதியில் அவர் செய்யத் தொடங்கிய முதலாவது சூலகச் சத்திரசிகிச்சை இடைநடுவே கைவிடப்பட்டது. 1858 பெப்ரவரியில் செய்த அடுத்தது வெற்றியாயிற்று. அப்போது அவர் மேற்கொண்ட விரதம் ஒன்றுண்டு: தாம் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும், பிழைத்தாலும் மாண்டாலும், எழுதி வெளியிடுவதென்பது.

அக்கணக்கை இன்று படிப்போருக்கும் நெஞ்சு கனக்கும். முதல் 100 பேரில் 34 பேர் இறந்தனர். இரண்டாம் நூறில் 28 பேர். மூன்றாம் நூறில் 23. நான்காம் நூறில் 22. ஐந்தாம் நூறில் 20. மரணம் படிப்படியாகப் பின்வாங்கியது. ஆனால் ஏற்றம் நேர்கோடாக அமையவில்லை. அடுத்த 500 பேரில் இடையிலே தொகை மீண்டும் உயர்ந்தது. வெல்ஸ் அதனையும் மறைக்கவில்லை. லிஸ்டரின் கிருமிநாசினி முறையைக் காலந்தாழ்த்தியே அவர் கைக்கொண்டார். 1880 இல் ஆயிரம் பேர் நிறைந்தபோது கடைசி நூறில் இறந்தோர் 11 பேர். ஆக மொத்தம் 769 பேர் பிழைத்தனர், 231 பேர் மாண்டனர். 231 குடும்பங்களின் துயரத்தை அச்சேற்ற ஒரு வைத்தியர் துணிந்தமையாற்றான், எது உதவிற்று, எது உதவவில்லை என்பதைப் பிறர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பிணச்சோதனை அறையிலிருந்து நேரே வருவோர் தம் சத்திரசிகிச்சையைப் பார்வையிட வரலாகாது என அவர் விதித்த கட்டுப்பாடும் இக்கணக்கோடு சேர்த்து எண்ணத்தக்கது. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவுமுன்னரே அனுபவம் அவருக்கு அதனைக் கற்பித்தது. பேர்மிங்ஹாம் நகரத்து லோசன் டெயிட் என்பவரோ லிஸ்டரின் மருந்துகளை ஏளனஞ் செய்து, தூய்மையை மட்டுமே நம்பி, 1880 களின் நடுவில் தொடர்ந்து 139 பேருக்கு ஒருவரும் இறவாமல் இதே சிகிச்சையைச் செய்து காட்டினார்.

சூலகக் கட்டியை அகற்றுவது ஒன்று. இரைப்பையையும் குடலையும் வெட்டித் தைப்பது வேறொன்று. தையல் சிறிதளவு கசிந்தாலும் குடலின் அழுக்கு வயிற்றறையிற் பரவி உயிரை மாய்க்கும். 1881 ஜனவரி 29 இல் வியன்னாவில் தியோடோர் பில்றோத், புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை 43 வயதான பெண்ணொருவரிடமிருந்து அகற்றினார். அதற்கு முன் பாரிசிலும் போலந்து தேசத்திலும் இதனை முயன்ற இருவரின் நோயாளிகளும் இறந்திருந்தனர். பில்றோத்தின் நோயாளி சிகிச்சையைத் தாங்கி எழுந்தார்; எனினும் சில மாதங்களில் அதே புற்றுநோய் திரும்பி அவரைக் கொண்டுபோயிற்று. பில்றோத்தும் தம் தோல்விகளை வெளியிடத் தயங்காதவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தனியொருவர் தம் கணக்கை எழுதுவதோடு அமையாது, வைத்தியசாலைகள் யாவும் எழுதவேண்டும் என்று வற்புறுத்தியவர் பொஸ்டன் நகரத்து ஏர்னஸ்ட் கொட்மன். மாணவராயிருந்த காலத்தில், நண்பர் ஹார்வி குஷிங் ஈதர் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபட, இருவரும் மயக்கத்திலிருப்போரின் நாடியை நேரந்தோறும் குறித்துவைக்கத் தொடங்கினர். யார் திறம்பட மயக்கமருந்து கொடுப்பது என்பதில் ஓர் இராப்போசனத்தைப் பந்தயமாகவும் வைத்தனராம். அன்று பிடித்த பழக்கம் கொட்மனை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

அவர் கோரியது பெரிய காரியமன்று. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. நோய் யாது, செய்த சிகிச்சை யாது, ஓராண்டின் பின் அவர் எவ்வாறிருக்கிறார், குணமடையவில்லையாயின் காரணம் யாது என அதில் எழுதுதல் வேண்டும். அவ்வளவே. 1911 இல் அவர் சொந்தமாகச் சிறிய வைத்தியசாலை ஒன்றை நிறுவி, 1916 வரை அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளிகளின் முடிவுகளை அச்சிட்டார். அவற்றில் 123 தவறுகளை அவரே எடுத்துக் காட்டினார்: அறிவுக்குறை, கைத்திறன் குறை, முடிவெடுப்பதில் நேர்ந்த பிழை எனப் பகுத்து, தம் கைப்பிழையால் பித்தக்குழாய் கட்டப்பட்டு இறந்த நோயாளியின் வரலாற்றையும் ஒளிக்காது சேர்த்தார்.

மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் பதவி உயர்வு முதுமை பார்த்தே வழங்கப்பட்டது. நோயாளிகளின் முடிவு பார்த்து வழங்கப்படவேண்டும் என்றார் கொட்மன். ஏற்கப்படாது போகவே 1914 இல் விலகினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் வைத்தியர் கூட்டமொன்றில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரைநீக்கிக் காட்டினார். செல்வர் வாழும் பகுதி தலையை மணலுக்குள் புதைத்த தீக்கோழியாய் நின்று, வைத்தியருக்குப் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுவதாக அது அமைந்திருந்தது. சபை கொந்தளித்தது. சங்கத் தலைமையும் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பதவியும் அவர் கையைவிட்டுப் போயின. இந்த இடத்தில் அவருடைய நாகரிகத்தைப் பாராட்ட முடியாது. நேர்மையை மறுக்கவும் முடியாது.

அவருடைய கருத்தை ஏற்ற அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரி, 100 கட்டில்களும் அதற்கு மேலும் உள்ள 692 வைத்தியசாலைகளை ஆராய்ந்தது. குறைந்தபட்சத் தரத்தை எட்டியவை 89 மாத்திரமே. 1919 இல் நியூயோர்க் நகரில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. எந்தெந்த வைத்தியசாலை தேறவில்லை என்பது பத்திரிகைகளுக்கு எட்டிவிடுமோ என்றஞ்சி, பெயர்ப்பட்டியலை அன்றிரவே விடுதியின் உலையிலிட்டு எரித்தனர். கொட்மன் 1940 இல் காலமானார். அவருடைய சமாதிக்கு 2014 இற்றான் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது.

அட்டைகளுக்குப் பதிலாகக் கணினிகள் வந்தபின் கணக்கு விரிந்தது. 2009 இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொதுச் சத்திரசிகிச்சையும் இரத்தநாளச் சத்திரசிகிச்சையும் பெற்ற 84,730 பேரின் பதிவுகளைப் பரிசீலித்தனர். மரணம் மிகக் குறைந்த வைத்தியசாலைகளில் 100 க்கு 3.5 பேரும், மிகக் கூடியவற்றில் 6.9 பேரும் இறந்திருந்தனர். தையல் கசிவு, இரத்தப்பெருக்கு, நியூமோனியா, கிருமித்தொற்று முதலிய பின்விளைவுகள் இரண்டாம் வகையிற் கூடுதலாக ஏற்பட்டிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறில்லை. பின்விளைவுகள் இரு வகையிலும் ஏறத்தாழ ஒரே அளவினவாகவே இருந்தன. ஆனால் பெரும் பின்விளைவு கண்டோரில், சிறந்த வைத்தியசாலைகளில் 100 க்கு 12.5 பேரும் ஏனையவற்றில் 21.4 பேரும் மாண்டனர். வேற்றுமை, சத்திரசிகிச்சை மேசையில் மட்டுமன்று, அதன் பின் வந்த இரவுகளிலும் இருந்தது. நாடி விரைவதையும் மூச்சு இளைப்பதையும் எந்தத் தாதி எத்தனை மணிக்குக் கண்டார், அழைத்த வைத்தியர் எப்போது வந்தார் என்பவற்றை ஆராயும் வேலை அதன் பின்னரே சூடுபிடித்தது.

இங்கிலாந்திலும் வேல்சிலும், அவசரமாக வயிறு திறக்கப்படும் நோயாளிகளின் கணக்கெடுப்பு 2013 இல் தொடங்கியது. ஒவ்வொரு வைத்தியசாலையின் முடிவும் அதன் பெயரோடே வெளியிடப்படுகின்றது. தொடக்கத்தில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 100 க்கு ஏறத்தாழ 11 பேர். சில ஆண்டுகளுக்குள் அத்தொகை 10 க்குக் கீழே இறங்கியது.