பல்கலைக்கழக வாயிலில் பெற்றோர்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து

மலேசிய உயர்கல்வி நடைமுறையில் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு நாள்களில்தான் பல்கலைக்கழகத்தின் கண்ணுக்குத் தென்படுகின்றனர். ஒன்று, பிள்ளை பெட்டி படுக்கையுடன் விடுதியில் பதிந்துகொள்ளும் நாள். மற்றொன்று, பட்டமளிப்பு விழா நாள். இவற்றுக்கு இடைப்பட்ட மூன்று, நான்கு ஆண்டுகளில் பெற்றோர்க்கு என்ன சொல்லப்பட வேண்டும், எவ்வளவு சொல்லப்பட வேண்டும் என்னும் கேள்வி எழும்போதெல்லாம், தன்மையில் வேறுபட்ட இரு கோரிக்கைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. மாணவரைப் பற்றிய செய்தி, அதாவது அவர் பெற்ற புள்ளி, வகுப்புக்கு வந்த நாள்கள், உடல்நலம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை ஒரு வகை. பல்கலைக்கழகத்தைப் பற்றிய அறிவு, அதாவது அது எப்படி இயங்குகிறது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இடர் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பவை வேறு வகை. முதலாவது மாணவர்க்கு உரியது, அதை அவருடைய இசைவின்றிப் பிறரிடம் கொடுப்பதற்கு நியாயம் மிகக் குறைவு. இரண்டாவதோ குடும்பத்துக்கு உரியது, அதைத் தராமல் இருப்பதற்குத்தான் நியாயம் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் முதலாவதைக் கேட்டு மன்றாடுவதும் பிள்ளைகள் அதை மறைத்துத் தவிப்பதும் பெரும்பாலும் இரண்டாவது கிடைக்காத குறையினால் நேர்பவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கு ஷா ஆலம் பொருத்தமான களம். சுங்கை ரெங்கம் என்று அறியப்பட்ட தோட்ட நிலத்தின்மீது திட்டமிட்டு எழுப்பப்பட்டு, 1978 இல் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்ட நகரம் அது. தோட்டங்கள் கைமாறி வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அங்குப் பால்மரம் சீவிய குடும்பங்கள் பாடாங் ஜாவா, பத்து தீகா, கிள்ளான் என அருகிலேயே சிதறிக் குடியேறின. அவர்களின் அடுத்த தலைமுறை ஆலை வேலைக்கும் லாரி ஓட்டுவதற்கும் பாதுகாவல் பணிக்கும் சென்றது. நகரின் நடுவே குன்றின்மேல் பரந்து கிடக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகம் ஆயினும், அதன் இளங்கலைச் சேர்க்கை பூமிபுத்ரா மாணவர்க்கு உரியது. ஆகவே வீட்டு வாசலிலிருந்து பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்த்து வளரும் தமிழ்ப் பிள்ளை, இடம் கிடைத்தால், கெடாவின் சிந்தோக்குக்கோ கடல் கடந்து கோத்தா கினபாலுவுக்கோ கோத்தா சமரஹானுக்கோ புறப்பட வேண்டியிருக்கலாம். அல்லது நகருக்குள்ளேயே தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் கடன் பட்டுச் சேர வேண்டியிருக்கலாம். முதல் வழியில் தொலைவும் இரண்டாம் வழியில் கட்டணமும் பெற்றோரின் கவலையைப் பெருக்குகின்றன. இரவு நேர முறை வேலை பார்க்கும் தகப்பன் சிந்தோக்குக்குச் சென்று விரிவுரையாளரைச் சந்தித்துத் திரும்புவதென்றால் இரண்டு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நிலைமை இப்படி இருந்ததில்லை. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைத்துத் தர வேண்டும் என விதித்தது. அவ்வாறு தோன்றிய தோட்டப் பள்ளிகள் தரத்தில் எவ்வளவு எளியவையாக இருந்தாலும், லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஆசிரியரின் பெயரும் குணமும் எல்லார்க்கும் தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால் மாலைக்குள் செய்தி வீடு வந்து சேரும். விடுதலைக்குப் பின் இவ்வுறவு பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்னும் சட்ட வடிவம் பெற்றது. 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தையொட்டி 1998 இல் வந்த ஒழுங்குமுறைகள் அதன் அமைப்பை வரையறுத்தன. ஷா ஆலத்தின் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளியாயினும் கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியாயினும், அவற்றின் வரலாற்றைப் பெற்றோரை விலக்கிவிட்டு எழுத முடியாது. நிலம் கேட்டு மனுப் போட்டவர்களும் கட்டட நிதிக்குச் சீட்டுப் புத்தகம் சுமந்தவர்களும் அவர்களே. 1971 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமோ இயக்குநர் வாரியம், செனட் எனப்படும் கல்விப் பேரவை, மாணவர் பேராளர் மன்றம் ஆகியவற்றைப் பேசுகிறதே ஒழிய, பெற்றோர்க்கென ஓர் அமைப்பைக் கட்டாயமாக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் பள்ளியோடு பிணைந்திருந்த தாய் தகப்பன், பிள்ளை பல்கலைக்கழகத்துள் கால் வைத்த அன்றே வெளியார் ஆகின்றனர்.

எளிய மக்களுக்குப் பல்கலைக்கழகத்தோடு ஒட்டும் உறவும் இருக்க முடியாது என்று கொள்வதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்து, அதில் தமிழுக்குரிய இடம் கேள்விக்குள்ளானபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழே அங்குப் பயிற்றப்பட வேண்டும் என்று கிளர்ச்சி நடத்தி, பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். துறை 1956 இல் தோன்றியது. அந்நிதிக்குக் கொடுத்தவர்களில் கணிசமானோர் பல்கலைக்கழகப் படியை மிதித்திராத தொழிலாளர்கள். தாம் நுழைய முடியாத நூலகத்தில் தம் மொழியின் நூல் இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியது, உயர்கல்வி தமக்குரிய பொதுச் சொத்து என்னும் தெளிவிலிருந்து பிறந்தது. இன்றைய பெற்றோரிடம் குறைந்திருப்பது அக்கறை அன்று. அவ்வக்கறை சென்று சேரும் வழி அடைபட்டிருக்கிறது.

அவ்வழியை அடைப்பவற்றுள் சட்டத்தின் இரட்டை நோக்கும் ஒன்று. 1971 ஆம் ஆண்டின் பருவமடைதல் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் முழு உரிமையுள்ள குடிமகர். 2021 டிசம்பர் 15 முதல் அவர் வாக்களிக்கவும் செய்கிறார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தபின், வணிகப் பரிவர்த்தனையின் வழி திரட்டப்படும் ஒருவரின் விவரங்களை அவருடைய இசைவின்றிப் பிறர்க்கு வெளியிடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மறுபுறம், முஸ்லிம் அல்லாதோர்க்கான 1976 ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 21 வயது நிரம்பாதவர் மணம் புரியப் பெற்றோரின் எழுத்துவழி இசைவைக் கேட்கிறது. தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது பேச்சுவழக்கில் பி.டி.பி.டி.என். எனப்படும் கடன் நிறுவனம், கடன் தொகையை வரையறுக்கும்போது குடும்ப வருமானத்தைக் கணக்கில் கொள்கிறது. அதே நிறுவனத்தின் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் பிள்ளையின் பெயரில் சேமிக்கும் பெற்றோர்க்கு வருமானவரிச் சலுகையும் உண்டு. ஆக, பணம் என்று வரும்போது குடும்பம் அழைக்கப்படுகிறது, விளக்கம் என்று வரும்போது தனிமனித உரிமை முன்னிறுத்தப்படுகிறது. உரிமையை முன்னிறுத்துவதில் பிழையில்லை. அது விளக்கத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறது என்பதே பிழை.

இவ்விடத்தில் இன்னும் நுணுகிப் பார்க்க வேண்டியது மொழியின் நிலை. பொதுப் பல்கலைக்கழகங்களின் கடிதங்களும் இணைய வாயில்களும் மலாய் மொழியில் அமைபவை. தனியார் நிறுவனங்களில் ஆங்கிலம் ஓங்கியிருக்கும். தமிழ்ப்பள்ளியோடும் கீழ்நிலை இடைநிலைக் கல்வியோடும் படிப்பை நிறுத்திக்கொண்ட தாய்க்கு மலாய் சந்தைக்கும் வேலையிடத்துக்கும் போதுமானது. ஆனால் நிர்வாக மலாய் வேறொரு மொழி. ஆகவே பல குடும்பங்களில் உயர்கல்விக்கான பொது விண்ணப்பத்தை நிரப்புவது முதல், சேர்க்கைக் கடிதத்தைப் படித்துச் சொல்வது வரை, மொழிபெயர்ப்பாளர் பணி அப்பிள்ளைக்கே வாய்க்கிறது. யாரைப் பற்றிய செய்தியோ அவரே அச்செய்தியின் ஒரே தூதர். பருவந்தோறும் கணக்கிடப்படும் திரள் தரப்புள்ளி 2.00க்குக் கீழே இறங்கினால் மாணவர் பொதுவாக நிபந்தனை நிலைக்குத் தள்ளப்படுகிறார். அடுத்த பருவத்தில் மீண்டெழ வேண்டும் என்ற எச்சரிக்கையோடு படிப்பைத் தொடர விடுவதே அந்நிலை. பருவத்தை ஒத்திவைத்தல் என்பது நோய் முதலிய காரணங்களால் ஒரு பருவம் விலகியிருந்து, இடத்தை இழக்காமல் திரும்பி வருவதற்கான ஏற்பாடு. இவ்விரு சொற்களின் பொருளும் அறிந்த குடும்பத்தில் 1.85 என்ற எண் உடனே கவனிக்க வேண்டிய ஒரு தகவல். அறியாத குடும்பத்தில் அது ‘பெயில்’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்து விழுகிறது. தகப்பன் உடைந்துபோவார் என்று அஞ்சும் பிள்ளை அதைச் சொல்லாமல் விடுகிறது. சொல்லாமல் விட்ட அடுத்த பருவத்தில் கடன் வழங்கல் நின்றபோது உண்மை வெளிப்படுகிறது. அதற்குள் ஒத்திவைப்புக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்திருக்கிறது. இதைப் பொய் என்றோ நம்பிக்கைத் துரோகம் என்றோ பெயரிடுவது எளிது. மொழிபெயர்க்க முடியாத ஒன்றை மொழிபெயர்க்கும் சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, பிறகு அதன் நேர்மையை ஐயுறுவது முறையாகாது.

ஆய்வுலகம் இச்சிக்கலை நெடுங்காலம் வேறு திசையில் நோக்கியது. மாணவர் இடைவிலகலுக்கு விளக்கம் தேடிய அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டின்டோ, 1975 இலும் பின்னரும் முன்வைத்த கோட்பாட்டில், மாணவர் தம் பழைய சமூகத்திலிருந்து ஓரளவு பிரிந்து கல்லூரிச் சமூகத்தோடு ஒன்ற வேண்டும் என்ற கருத்துக்கு முதன்மையான இடம் கொடுத்தார். வில்லியம் டியர்னி 1992 இல் இதை மறுத்து, சிறுபான்மைப் பண்பாட்டு மாணவரிடம் தம் வேரை அறுத்துக்கொண்டு வரச் சொல்வது அவர்களைத் தோல்விக்கு உள்ளாக்குவது என்று வாதிட்டார். டின்டோவும் பின்னாளில் குடும்பத் தொடர்பின் துணையை ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சு சமூகவியலாளர் பியேர் பூர்தியேயின் ‘பண்பாட்டு மூலதனம்’ என்ற கருத்தும் இங்கே துணை புரியும். பணமாக இன்றி, நடை, சொல், நிறுவனங்களோடு பழகும் லாவகம் ஆகியவையாகப் பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் செல்வம் அது. படித்த பெற்றோர் உணவு மேசையிலேயே அதைக் கைமாற்றிவிடுகின்றனர். அதற்குப் பல்கலைக்கழகத்தின் உதவி தேவையில்லை. உதவி தேவைப்படுவோர்க்கு அது கிடைக்காதபோது, நடுநிலை போலத் தோன்றும் மௌனம் ஒரு தரப்புக்கே சாதகமாகிறது.

இதற்கு எதிராக எழும் வலுவான தடை, பெற்றோர்க்குத் தரும் தகவல் கண்காணிப்பாக மாறிவிடும் என்பது. இத்தடையை இலேசாகத் தள்ள முடியாது. மகளின் ஒரு பருவச் சரிவைச் சாக்காக வைத்துப் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டுக்குப் புள்ளி அட்டையை நேரே அனுப்பும் நிறுவனம் அப்பெண்ணுக்குத் தீங்கு செய்கிறது. அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைச் சட்டம், உயர்கல்விக்குள் நுழைந்ததும் ஆவணங்களின் உரிமையைப் பெற்றோரிடமிருந்து மாணவர்க்கு மாற்றிவிடுகிறது. ஆனால் வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருப்பவர், உயிருக்கோ உடல்நலத்துக்கோ இடர் நேர்ந்த நிலை முதலிய விதிவிலக்குகளையும் அது வைத்திருக்கிறது. இந்தியாவில் பகடிவதைக்கு எதிரான 2009 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் மாணவரோடு பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்கின்றன. அங்கே பெற்றோர் பொறுப்பேற்கும் ஆளாக அழைக்கப்படுகின்றனரே அன்றி, விளக்கம் பெறும் ஆளாக அன்று. இவற்றினும் பயன் தரும் முன்மாதிரி பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018 இல் கொண்டுவந்த ஏற்பாடு. மாணவர் தற்கொலைகள் ஏற்படுத்திய துயரத்தின் பின்னணியில், தம் நலம் குறித்துக் கடும் கவலை எழுந்தால் யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று மாணவரே முன்கூட்டிப் பெயர் குறிக்கும் வாய்ப்பை அது அளித்தது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் இசைந்தனர். கேட்கும் முறை மதிப்புடையதாக இருந்தால் இளைஞர் தம் வீட்டாரை விலக்க விரும்புவதில்லை என்பதற்கு இது சான்று.

மலேசியத் தமிழர்க்குத் தம் சொந்த அனுபவமும் உண்டு. 1982 இல் கல்வியாளர் எம். தம்பிராஜா தலைமையில் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவர்களையும் பட்டதாரிகளையும் கொண்டு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியதோடு, பெற்றோரையும் அவ்வியக்கத்தின் உறுப்பாக்கியது. பத்துமலையில் அது நடத்திவரும் கல்வி யாத்திரையில் பிள்ளையும் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாகக் கூடுகின்றனர். தேர்வு நெருங்கும் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதைக் கோயில் வளாகத்தில், பெற்றோர்க்குப் பழகிய மொழியிலும் பழகிய சடங்கிலும் சொல்ல முடியும் என்று அது காட்டியது. அவ்வழிமுறை பல்கலைக்கழகத்தின் வாசல்வரை பிள்ளையைக் கொண்டுசேர்க்கிறது. வாசலுக்கு அப்பால் அதைத் தொடர்வதற்கு இணையான முயற்சி வேண்டியிருக்கிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, எத்தனையோ பெற்றோர் விரிவுரை என்றால் என்ன என்பதை முதன்முறையாகத் தம் வீட்டுக் கூடத்தில் கேட்டனர். பிள்ளை நாள் முழுதும் கைப்பேசியோடு இருப்பது விளையாட்டன்று என்று அவர்கள் கண்கூடாகக் கண்டது, எந்த அறிக்கையும் தந்திராத அறிவு.

நடைமுறையில் இதற்குப் பெருஞ்செலவு தேவைப்படாது. சேர்க்கை முடிவுகள் வெளியானபின், பதிவு நாளுக்கு முன், கிள்ளான், ஷா ஆலம், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் ஞாயிறு காலையில் தமிழில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தலாம்; மூத்த மாணவர்களும் மாணவர் விவகாரப் பிரிவு அலுவலர்களும் தரப்புள்ளி, நிபந்தனை நிலை, ஒத்திவைப்பு, கடன் நிபந்தனை, உளவள ஆலோசகரை அணுகும் முறை ஆகியவற்றை விளக்கலாம். நான்கு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதிய தொடக்கம். மாணவர் அமைப்புகளாகிய தமிழ்ப் பேரவைகளுக்கு இதைவிடத் தகுந்த பணி அரிது. புள்ளி விவரம் இக்கூட்டத்தில் இடம்பெற வேண்டியதில்லை. அதற்கு இசைவுப் படிவம் தனியே இருக்கட்டும். இடர் நேரத்தில் அழைக்கப்பட வேண்டியவர் பெயரை மாணவர் எழுதவும் பருவந்தோறும் மாற்றவும் அப்படிவம் இடமளிக்க வேண்டும். தமிழ்க் குடும்பத்தில் அப்பெயர் எப்போதும் தகப்பனுடையதாக இருக்காது. முன்பே பட்டம் பெற்ற அக்காளோ, பள்ளியில் ஆசிரியராக இருக்கும் தாய்மாமனோ, மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் சின்னம்மாவோ வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசத் தெரிந்தவராக இருக்கலாம். ஆதலால் அப்படிவத்தில் ‘தந்தை / தாய் / பாதுகாவலர்’ என்று அச்சிட்ட கட்டங்களுக்குப் பதிலாக, உறவுமுறையை மாணவரே எழுதிக்கொள்ள வெற்றுக் கோடு ஒன்று விடப்பட வேண்டும்.