தன் கையால் அமைத்த தோணியும் தரணி சுற்றிய பயணமும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே நீராவிக் கப்பல்கள் கடல்வாணிகத்தைக் கைப்பற்றின. பாய்க்கப்பல் செலுத்துவதையன்றி வேறு தொழிலறியாத மாலுமிகள் பலர் வேலையிழந்து துறைமுகங்களில் நின்றனர். 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்து, பெருங்கப்பல்களின் தலைவராய் விளங்கிய யோசுவா சிலோக்கம் என்பாரும் அவர்களுள் ஒருவர்.

1892இல் நண்பரொருவர் அவருக்குப் பழந்தோணியொன்றை வேடிக்கையாக அளித்தார். 'ஸ்பிறே' என்னும் அத்தோணி மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வயலொன்றிலே ஏழாண்டுகளாக மூடிக் கிடந்தது. சிலோக்கம் மனந்தளர்ந்தாரல்லர். அயலில் நின்ற ஓக் மரத்தைத் தறித்து, ஏரா என்னும் அடிமரத்தையும், வங்குகளையும், பலகைகளையும் ஒவ்வொன்றாய்ப் புதுக்கினார். 13 மாத உழைப்பும் 553 டொலர் 62 சதமுமே செலவு. ஏறத்தாழ 37 அடி நீளமுடைய அத்தோணியிலே, 1895 ஏப்பிரில் 24ஆந் திகதி பொஸ்ரன் நகரிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார்.

ஜிப்ரோல்ற்றர் வரை சென்றவர், மத்தியதரைக் கடலிற் கொள்ளையர் உளரென எச்சரிக்கப்பட்டமையால் மேற்கே திரும்பி, மகெல்லன் நீரிணையூடாகப் பசிபிக் கடலை அடைந்தார். நேரம் பார்க்க அவரிடமிருந்தது ஒரு டொலருக்கு வாங்கிய தகரக் கடிகாரம். தேர்ஸ்டே தீவிலிருந்து இந்து சமுத்திரத்தின் கொக்கோஸ் தீவுகள் வரையுள்ள 2,700 மைலை 'ஸ்பிறே' 23 நாளிற் கடந்தது. அந்நாட்களில் அவர் சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணித்தியாலமும் ஆகாது! தோணியின் அமைப்பும், காற்றின் அளவறிந்து அவர் விரித்த பாய்களும் அதனை நேர்வழியிற் செலுத்தின. 46,000 மைல் கடந்து 1898 யூன் 27ஆந் திகதி அமெரிக்கா மீண்டார். உலகைத் தனியே கடல்வழி சுற்றிவந்த முதல் மனிதர் அவரே. சந்தை வேண்டாமென ஒதுக்கிய தொழிலறிவே அவரைக் கரைசேர்த்தது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. சிலோக்கம் தமது பயணத் தொடக்கத்தில் தங்கி ஆயத்தஞ் செய்த துறை குளொஸ்ரர். அதே துறையை 1938இல் மற்றொரு பாய்க்கப்பல் சென்றடைந்தது. அதுவே வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய 'அன்னபூரணி'. சிறு பாய்த்தோணியில் தாமும் உலகைச் சுற்றிய அமெரிக்கரான றொபின்சன் அதனை விலைக்கு வாங்கினார்; வல்வை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்றனர். கடலையும் கப்பலையும் நன்கறிந்த ஒருவரின் கண் நம்மவர் கைவேலையின் தரத்தைக் கண்டுகொண்டது.

நாமோ பட்டத்தையும் உத்தியோகத்தையுமே கல்வியின் பயனாக எண்ணி, உளி பிடித்த கையை ஒருபடி தாழ்வாக நோக்குகின்றோம். மரத்தின் வைரத்தையும், காற்றின் போக்கையும், அலையின் குணத்தையும் அறிந்த அறிவு எந்தச் சாத்திரத்துக்குக் குறைந்தது? அன்பர்களே, நம்மூர்க் கரைகளில் அவ்வறிவைச் சுமந்திருக்கும் முதியோரை நாடிச் செல்வோம், கேட்டு எழுதிவைப்போம். அவர்களோடு அது மறைந்துபோக விடுவோமாயின், பின்வருவோர்க்கு நாம் விட்டுச்செல்வது வெறுங்கரையே.