குடல் லிம்போமா நோயறிதல்

குடல் லிம்போமா என்பது குடற்சுவரிலுள்ள நிணநீர்த் திசுவில் தோன்றும் புற்றுநோய் ஆகும். நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே லிம்போமா மிகுதியாகக் காணப்படும் இடம் உணவுப்பாதையே. இந்நோய் அரிதானது, எனினும் இந்தியாவில் இதனைக் கண்டறிவது கடினமாக இருப்பதற்கு அதன் அருமை மட்டும் காரணமன்று. குடற்காசநோய் இங்கு நிலைத்திருப்பதே பெருங்காரணம்.

காசநோயுடன் மயக்கம்

சிறுகுடலின் கடைப்பகுதியில் பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர்த் திசுத் தொகுதிகள் செறிந்துள்ளன. காசநோய்க் கிருமி குடலில் பெரிதும் தாக்குவது இப்பகுதியையே. லிம்போமாவும் இங்கு அடிக்கடி தோன்றுகிறது. வயிற்றுவலி, காய்ச்சல், எடை குறைதல், வலது அடிவயிற்றில் கட்டி ஆகியன இரண்டிற்கும் பொதுவானவை. குரோன் நோயும் இதே பகுதியைத் தாக்குவதுண்டு. சி.டி. ஸ்கேன் ஓரளவு உதவும்: காசநோய் பெரும்பாலும் குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்கும், லிம்போமாவிலோ சுவர் தடித்திருந்தும் குடல் விரிந்தே இருக்கலாம். படத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

திசு ஆய்வு

உறுதியான சான்று திசு ஆய்வே (பயாப்சி). இங்கும் தடைகள் உண்டு. லிம்போமா பல நேரங்களில் சளிச்சவ்வின் அடியில் வளர்வதால், எண்டோஸ்கோப் வழியே மேலாகக் கிள்ளியெடுத்த துணுக்கில் வெறும் அழற்சி மட்டுமே தெரியக்கூடும். ஆகவே ஒரு முறை "புற்று இல்லை" என வந்த முடிவு நோயை விலக்கிவிடாது; ஆழமாகவும் பல இடங்களிலும் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். சிறுகுடலின் நடுப்பகுதியைச் சாதாரண எண்டோஸ்கோப் எட்டாது. கேப்சூல் எண்டோஸ்கோப் அங்குப் படமெடுக்கும், திசு எடுக்காது. இதனால் குடல் அடைத்தோ துளைபட்டோ அறுவை செய்த பின்னரே நோய் தெரியவருவதும் உண்டு. திசு ஆய்வுக்கு முன்னர் ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கிச் சான்று மறைந்துவிடலாம்.

சான்று கிட்டாதபோது காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இந்தியாவில் வழக்கம். முழுச் சிகிச்சை 6 மாதம். ஆயினும் காசநோய்ப் புண்கள் ஏறத்தாழ 2 மாதத்திலேயே ஆறத் தொடங்கும். ஆறாவிடில் நோயறிதலை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். விரைந்து வளரும் லிம்போமாவுக்கு இந்த 2 மாதமே நீண்ட காலம்.

புதுச்சேரியும் பிரான்சும்

1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்தது புதுச்சேரி ஜிப்மர் (1964 முதல் இப்பெயர்). அண்டை மாவட்டங்களான விழுப்புரம், கடலூரிலிருந்தும் நோயாளர் வரும் இம்மருத்துவமனையில் மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளது.

இந்தியாவிலும் காணப்படும் ஒரு தனிவகைச் சிறுகுடல் லிம்போமாவை அறிந்ததில் பிரான்சுக்குப் பெரும்பங்கு உண்டு. இவ்வகையில் உருவாகும் குறைபட்ட ஆல்ஃபா புரதத்தை 1968-இல் பாரிசில் செலிக்மன் குழுவினர் விவரித்தனர். 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்நோயைக் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்னும் பாக்டீரியாவுடன் தொடர்புபடுத்தினர். நீடித்த வயிற்றுப்போக்காக வெளிப்படுவதால் இது சத்து உறிஞ்சாமைக் கோளாறு என எண்ணப்படலாம். தொடக்கத்தில் கண்டால் டெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாலேயே தணியக்கூடும். முற்றியபின் வேதிச்சிகிச்சை தேவைப்படும்.