கல்லறையும் சான்றும்: ஓர் ஆவணப்படம் விட்டுச்சென்ற பாடம்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டோர் பலர். அவ்வூரின் தொன்மையை எண்ணிப் பார்த்தோர் சிலரே. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் தமிழகக் கீழைக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா எனும் மூன்று துறைமுகங்களைக் குறிக்கிறது. சோபட்மாவே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்றும், அதுவே மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். 2005-06இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கு அகழாய்வும் மேற்கொண்டது.

எனினும் 'கருதுவர்' என்றே நாம் எழுதுகிறோம். பொதுகே என்பது அரிக்கமேடு எனச் சொல்லும்போது, 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த ரோமானிய மட்கலங்கள் அக்கூற்றுக்கு வலுச் சேர்க்கின்றன. பெயர் ஒப்புமை மட்டும் அவ்வலுவைத் தராது. பெயர் ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று.

இந்த எளிய விதியை மறந்ததன் விளைவே 2007 மார்ச் 4ஆம் நாள் டிஸ்கவரி தொலைக்காட்சி அமெரிக்காவில் ஒளிபரப்பிய 'இயேசுவின் தொலைந்த கல்லறை' என்னும் ஆவணப்படம். சிம்கா ஜேக்கபோவிசி இயக்கிய இப்படத்தின் தயாரிப்பில் 'டைட்டானிக்' புகழ் ஜேம்ஸ் கேமரனும் பங்கேற்றார். 1980இல் ஜெரூசலத்தின் தெற்கே தல்பியோத் பகுதியில் கட்டட வேலையின்போது ஒரு குகைக் கல்லறை வெளிப்பட்டது. அதிலிருந்த 10 எலும்புப் பேழைகளுள் ஆறில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன: யோசேப்பின் மகன் யேசுவா, மரியா, யோசே, மத்தியா, மரியமெனே, யேசுவாவின் மகன் யூதா. இது ஈசா நபி (அலை) அவர்களின் குடும்பக் கல்லறையே என்றும், இவ்வாறு பெயர்கள் ஒருங்கமைதல் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு 600இல் ஒன்றே என்றும் படம் வாதிட்டது.

அறிஞருலகம் இதனை ஏற்கவில்லை. கல்லறை பற்றிய அறிக்கையை 1996இலேயே வெளியிட்ட இஸ்ரேலியத் தொல்லியலாளர் அமோஸ் குளோனர் இக்கருத்தை உறுதியாக மறுத்தார். அக்கால யூதப் பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மரியம் என்னும் பெயருடையவர். யோசேப்பு, யேசுவா என்பனவும் பரவலாக வழங்கியவையே. நாசரேத்தின் எளிய குடும்பமொன்றுக்கு ஜெரூசலத்தில் பாறையைக் குடைந்த கல்லறை எவ்வாறு வாய்த்தது என வினவினார் ஜோடி மாக்னஸ். 'மரியமெனே' என்பவர் மகதலேனா மரியாவே எனப் படம் கொண்டது. ஸ்டீபன் பான் அந்த எழுத்துகளை 'மரியமே, மாரா' என இருவர் பெயராகப் படித்துக் காட்டினார். இரு பேழைகளின் எச்சங்களில் நடந்த மரபணுச் சோதனை, அவ்விருவரும் தாய்வழி உறவினரல்லர் என்று மட்டுமே உணர்த்தியது. அவர்கள் கணவன் மனைவியராக இருக்கலாம் என்பது படத்தின் ஊகம். 600இல் ஒன்று என்ற கணக்கும் இத்தகைய ஊகங்களின் மேல் எழுப்பப்பட்டதே. அடித்தளம் ஆட்டங்கண்டபின் கணக்கு மட்டும் நிலைப்பதெங்ஙனம்?

இங்கு முஸ்லிம் வாசகர் தம்மையே ஒரு வினா கேட்டுக்கொள்ளல் வேண்டும். கிறிஸ்தவத்தின் உயிர்த்தெழுதல் கோட்பாட்டை அசைக்க வந்த படம் என்பதால் நம்மில் எவர்க்கேனும் உள்ளூர மகிழ்ச்சி தோன்றியிருப்பின், அது சிந்தியாத மகிழ்ச்சியே. ஈசா (அலை) கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, இறைவன் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பது திருக்குர்ஆன் (4:157-158) வழி நாம் கொண்ட நம்பிக்கை. அவருடைய எலும்புகளை வைத்த பேழையைக் காட்டும் படம் நம் நம்பிக்கைக்கும் எதிரானதே. அதைவிட முக்கியமானது நீதி. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியினின்றும் பிறழச் செய்தல் ஆகாது என 5:8ஆம் வசனம் எச்சரிக்கிறது. பிறர் சமயத்தின் தோற்றத்தை ஆராயத் தளர்ந்த தராசையும், நம்முடையதை ஆராய இறுகிய தராசையும் கைக்கொள்வோர் இவ்வசனத்தின் முன் நிற்க இயலாது. அல்பிரூனி 1030ஆம் ஆண்டளவில் இந்தியரின் சமயங்களைப் பற்றி எழுதியபோது அவர்தம் நூல்களைக் கற்று, அவர்தம் கூற்றாலேயே விளக்க முயன்றார். நமக்குரிய மரபு அதுவே.

தடையும் இதற்கு மறுமொழியாகாது. 2006இல் தமிழக அரசு 'டாவின்சி கோட்' திரைப்படத்தைத் தடைசெய்தது. அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அது கதைப்படம், தல்பியோத் படமோ உண்மையெனத் தன்னை முன்னிறுத்தியது. அதனை வீழ்த்தியது எந்த அரசாணையுமன்று. பெயர்ப்பட்டியல்களையும் கல்லெழுத்துகளையும் பொறுமையுடன் படித்த அறிஞரே வீழ்த்தினர். அவருள் யூதரும் இருந்தனர், கிறிஸ்தவரும் இருந்தனர்.

நாளை நம் முன்னோரைப் பற்றியும் இத்தகைய படம் வரலாம். அன்று சான்று கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமாயின், இன்று அயலார்க்காகவும் சான்று கேட்போமாக. மரக்காணத்தைச் சோபட்மா எனக் கூறுவதற்கு முன்னும் நாம் கேட்க வேண்டியது அதே சான்றைத்தான்.