விளக்கு மாறினால் திரை மாறுமா?

சுவரில் மாட்டும் தொலைக்காட்சிப் பெட்டியைத் தவணையில் வாங்கக் கடைக்குப் போகிறோம். "எல்.சி.டி. பழசு, எல்.இ.டி.தான் புதுசு" என்கிறார் விற்பனையாளர். கையொப்பம் இடுமுன் இப்பெயர்களின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போமே.

1888-ஆம் ஆண்டு. பிராக் நகரில் ரைனிட்சர் என்னும் தாவரவியலாளர், காரட் கிழங்கிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து செய்த ஒரு சேர்மம் 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கலாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? திகைத்தவர், ஜெர்மானிய இயற்பியலாளர் லேமனுக்கு எழுதினார். அப்பொருள் நீர்போல் ஓடினாலும் படிகத்தின் ஒழுங்கு அதற்குள் இருப்பதை லேமன் கண்டார். அதுவே திரவப் படிகம். எல்.சி.டி. என்றால் திரவப் படிகத் திரை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அத்தகைய திரையை உலகுக்கு அறிவித்தது 1968-இல். இடையில் எண்பது ஆண்டுகள்!

திரவப் படிகம் தானாக ஒளிராது. மின்சாரத்துக்கு ஏற்ப, சன்னல் பலகைபோல் திரும்பி, பின்னாலுள்ள விளக்கின் ஒளியை விடும் அல்லது மறைக்கும். முன்பு அவ்விளக்கு மெல்லிய குழல்விளக்கு. பிறகு அந்த இடத்தில் எல்.இ.டி. என்னும் சின்னஞ்சிறு விளக்குகளை வைத்தார்கள். மின்செலவு குறைந்தது, பெட்டியும் மெலிந்தது, மறுக்கவில்லை. ஆனால் திரை அதே திரவப் படிகத் திரைதான்! விளக்கை மாற்றிவிட்டு வீட்டுக்கே புதுப்பெயர் சூட்டிய கதை இது. 'கியூ.எல்.இ.டி.' என்று இதுவரை விற்கப்பட்டவையும் இக்குடும்பமே.

'ஓ.எல்.இ.டி.' உண்மையில் வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்விளக்கே கிடையாது. ஆகையால் அட்டையில் முன்னெழுத்து 'ஓ'வா, 'கியூ'வா என்று பார்த்த பிறகு தவணைத்தாளைக் கையில் வாங்குவோம்.